பத்தொன்பது புகாரும் தீர்ந்த வீடு

மங்களாம்பிகையின் குரலுக்கு மாதம் நூற்று நாற்பத்தொன்பது ரூபாய் என்று விலை போட்டிருந்தார்கள். வரி தனி. ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் இரண்டு மாதம் இனாம். விலையைப் பார்த்ததும் இராஜாங்கத்துக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாற்பது வருடம் நெல் விற்றவர். விலையில் தாராளம் காட்டுகிறவன் எடையில் கை வைப்பான் என்பது தெரியாதவர் அல்ல. ஆனால் விலைக்கு வந்த சரக்கு சொந்தப் பெண்டாட்டியின் குரல் என்பதால், அன்றைக்கு அவருடைய வியாபார புத்தி விடுப்பில் போயிருந்தது.

குடவாசலுக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில் அவர்கள் ஊர். இரண்டு வருடத்துக்கு முன் மங்களாம்பிகைக்குத் தொண்டையில் கட்டி. அறுத்தார்கள். உயிர் தப்பியது, குரல்வளை போயிற்று. இப்போது மூச்சு விடக் கழுத்தில் ஒரு துளை, அதை மூடி ஒரு சின்ன வெள்ளைத் துணி. கூப்பிட வேண்டுமானால் கை தட்டுவாள். பேச வேண்டுமானால் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதுவாள். தாள் சின்னது என்பதால் சுருக்கமாகத்தான் எழுத முடியும். அதனால் அவள் பேச்சு முன்பைவிடக் கூர்மையாகிவிட்டது என்பது இராஜாங்கத்தின் அபிப்பிராயம்.

அவள் நல்ல பாட்டுக்காரி. மச்சினன் கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்த டேப் ரெக்கார்டரில் முப்பது வருடத்துக்கு முன் அவள் பாடிய ஒன்பது பாட்டை ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். நாலாவது பாட்டுக்கும் ஐந்தாவது பாட்டுக்கும் நடுவில், "ஏங்க, அந்த ஃபேனை நிறுத்தித் தொலைங்க, காத்துதான் பாடுது" என்று ஒரு அதட்டல் இருக்கும். இராஜாங்கத்துக்கு ஒன்பது பாட்டையும்விட அந்த அதட்டல்தான் வேண்டும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கத்தாரில் இருக்கும் மகன் ராஜ்குமார் ஊருக்கு வந்தபோது கேசட்டை எடுத்துப்போய்க் கும்பகோணத்தில் ஒரு கடையில் கம்ப்யூட்டருக்கு மாற்றினான். மாற்றி முடித்த கையோடு கடைக்காரரின் மெஷின் டேப்பை நூடுல்ஸாக்கிக் கொடுத்தது. மாற்றியதைத் தன் ஆபீஸ் லேப்டாப்பில் வைத்திருந்தான். அங்கிருந்து, வீட்டுக்கு நெட் கொடுக்கும் 'மடைதிறந்தான் ஃபைபர் நெட்' கம்பெனியின் 'குரல் களஞ்சியம்' என்ற இடத்தில் ஏற்றினான். அடுத்த மாதம் ஆபீஸ் அவன் பிரிவையே மூடி, லேப்டாப்பை அன்றைக்கே வாங்கித் துடைத்துவிட்டது. ஆகவே உலகத்தில் மங்களாம்பிகையின் குரல் மிச்சமிருந்தது மடைதிறந்தானிடம் மட்டும்தான்.

களஞ்சியத்தைத் திறக்க ஒரே சாவி, கம்பெனி அனுப்பும் இசைப்பெட்டி. அது அந்த வீட்டு நெட்டில் மட்டும் வேலை செய்யும். வந்த நாற்பத்தைந்து நாளுக்குள் நெட்டில் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். தவறினால், நாற்பத்தைந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு உள்ளே இருப்பது 'உரிமை கோரப்படாத ஒலி' என்று அழிக்கப்படும். நாற்பத்தைந்து நாள் இராஜாங்கத்துக்கு அதிகமாகத் தெரிந்தது. நாற்றே முப்பது நாளில் பறிப்புக்கு வந்துவிடும்.

பெட்டி தை மாதம், சம்பா அறுப்பு நடக்கும்போது வந்தது. முன்பக்கம் ஒரு குமிழ், ஒரு சின்னத் திரை. பின்பக்கம் ஒயர் சொருக ஒரு ஓட்டை. முதலில் வைஃபை. ரவுட்டரின் கடவுச்சொல் பதினாறு எழுத்து. பெட்டியில் ஒரு எழுத்து போட வேண்டுமானால் குமிழைத் திருகி 'ஏ'யிலிருந்து அந்த எழுத்துவரை போக வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் திருகினால் தாண்டிவிடும், சுற்றி வர வேண்டும். நாற்பது நிமிடம் திருகி முடித்ததும் திரையில் எழுத்து வந்தது: 'இணைந்தது. இணையம் இல்லை.'

வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்துவிட்டு, இலை போடாமல் போய்விட்ட மாதிரி இருந்தது.

அந்த ஊரில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி வடக்கே பார்த்து நின்றால் ஒரு கோடு விழும். அதனால் இராஜாங்கம் வீட்டு வைஃபையிலேயே கம்பெனி ஆப்பைத் திறந்து கூப்பிட்டார்.

"மடைதிறந்தானுக்கு வணக்கம், சபிஹா பேசறேன். உங்க மகிழ்ச்சிக்கு நான் எப்படி உதவலாம்?"

"பெட்டி பாடலைம்மா."

"ஒரு நிமிஷம்ங்கய்யா. எங்க ஸ்கிரீன்ல பச்சையா இருக்கே."

"இங்க பாடலையே."

"பச்சைன்னா நெட் வருதுன்னு அர்த்தம்ங்கய்யா. இப்ப நீங்க என்கிட்ட பேசறதே அந்த நெட்லதானே?"

"நான் பேசறேன். பெட்டி பேசலை."

"புகாரா பதிஞ்சிக்கட்டுமா?"

பதிந்தாள். மறுநாள் கம்பெனியின் லைன்மேன் ஃபஹத் வண்டியில் வந்து இறங்கினான். முதுகில் கம்பெனிப் பை, முப்பது வயதுக்குள் இருக்கும். வந்ததும், "ஐயா, உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், வேலை முடிஞ்சதும் அதைச் சொன்னாத்தான் எனக்குக் காசு" என்றான்.

இங்கேதான் இராஜாங்கம் தப்பு செய்தார். அவரைப் பொறுத்தவரை அது தப்பே இல்லை. நெல் வியாபாரி களத்துக்கு வந்தால் முதலில் சீட்டில் கையெழுத்து, பிறகுதான் தராசில் மூட்டை ஏறும். எடை பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றால் வியாபாரி முகம் சுண்டிப்போய் அடுத்த களத்துக்கு நடையைக் கட்டிவிடுவார். மேலே மேகம் வேறு கறுத்திருக்கும். முதலில் கையெழுத்துப் போடுவது நம்பிக்கையின் அடையாளம். நம்பினவனைக் கொஞ்சமாகத்தான் ஏமாற்றுவார்கள் என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. எனவே ஃபஹத் பையைக் கழற்றி வைப்பதற்குள் அவர் போனை எடுத்து ஓடிபியை வாசித்துவிட்டார்.

"ஐயா, இன்னும் நான் பெட்டியைத் தொடவே இல்லை."

"இருக்கட்டும் தம்பி. நீங்க பாருங்க."

ஓடிபியைச் சொன்னவுடன் புகார் தீர்ந்துவிட்டது. தீர்ந்த புகாருக்கு வேலை பார்க்க ஃபஹதுக்கு அதிகாரம் இல்லை. அவனுக்கு அடுத்த ஊரில் ஒரு புகார் காத்திருந்தது. மோர் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

இரண்டாவது புகாருக்கு, பெட்டியை ரவுட்டர் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை பெண் மாதிரி இரண்டையும் ஒட்டி உட்கார வைத்தார். இலை வரவில்லை. மூன்றாவதுக்கு ரவுட்டரை அணைத்து, ஐந்து எண்ணிவிட்டுப் போடச் சொன்னார்கள். நாலாவதுக்குப் பத்து எண்ணச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் ஃபஹத் வந்தான், ஓடிபி வந்தது, அவரும் முதலிலேயே சொன்னார்.

ஐந்தாவது புகாரில் ஒயருக்கு மாறினார்கள். "வைஃபை காத்துல வர்றது ஐயா, அதை நம்ப முடியாது. ஒயர்னா கண்ணுக்குத் தெரியும்" என்றது கம்பெனி. கும்பகோணம் போய் ஒரு மஞ்சள் ஒயர் வாங்கிவந்து சொருகினார். ஓட்டைப் பக்கத்தில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"ஆரஞ்சுன்னா என்னம்மா?"

"பச்சைக்கு முந்தின நிலைங்கய்யா" என்றாள் சபிஹா.

"அது எப்ப பச்சையாகும்?"

"எங்களுக்கு இங்க பச்சையாத்தான் இருக்கு."

ஆறாவது புகாரில், வெளி ஒயர் செல்லாது, கம்பெனி ஒயர்தான் போட வேண்டும் என்றார்கள். கம்பெனி ஒயர் ஒரு முழம். அதைப் போட்டதும் அதே ஆரஞ்சு எரிந்தது, ஆனால் விதிப்படி எரிந்தது.

மங்களாம்பிகை தாளைக் கிழித்து எழுதி நீட்டினாள்: 'நான் இங்கதான் இருக்கேன். பெட்டியைப் பாக்கற நேரத்துல என்னைப் பாருங்க.'

"உன்னைப் பார்க்காமலா? நீ கேட்க வேண்டாமா மங்களம்?"

அவள் இன்னொரு தாளைக் கிழிக்கப் போய், நிறுத்திவிட்டாள். அன்றைக்குச் சமையலறையில் அவள் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வேலை செய்ததையும், அதைக் கடக்கும்போதெல்லாம் முந்தானையால் அதன் தூசியைத் துடைத்ததையும் அவர் பார்த்தார்.

பதினாறாம் நாள், ஒன்பது புகார் தீர்ந்த நிலையில், இராஜாங்கம் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கும்பகோணத்தில் பஸ் மாறித் தஞ்சாவூர்த் தலைமை அலுவலகத்துக்குப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் சபிஹா. போனில் கேட்ட குரலை வைத்து அவர் பெரிய உத்தியோகஸ்தியை நினைத்திருந்தார். இருபத்தைந்து வயதுப் பெண், மேசைமேல் திறக்காத சாப்பாட்டு டப்பா.

"உங்க பெட்டி 'அறியப்படாத சாதனம்'னு நிக்குதுங்கய்யா. அடையாளப் படிவம் போடணும். பெட்டியோட பேரு?"

"இசைப்பெட்டின்னுதான் எழுதியிருக்கு."

"அது வகை. பேரு வேணும்."

இராஜாங்கம் துண்டை விலக்கிப் பெட்டியைப் பார்த்தார். "மங்களம்னு போட்டுக்கம்மா."

"வயசு?"

"ரெண்டு வாரம்."

"மைனர்" என்று தட்டினாள். "குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?"

"பாட்டுப் பெட்டிம்மா."

"இதுல மனைவி, மகன், மகள், பெற்றோர், வாடகைதாரர்னு அஞ்சுதான் இருக்கு."

"வாடகை ஒண்ணும் தர்றதில்லை."

"அப்ப மகள்னு போட்டுடறேன். குரலுக்கு உரியவர்?"

"என் சம்சாரம். மங்களாம்பிகை."

"உயிரோட இருக்காங்களா?"

"இருக்கா."

"அப்ப சுலபம்ங்கய்யா. இல்லாதவங்கன்னாத்தான் ரொம்ப அலைய வேண்டியிருக்கும்."

ஒரு வருடத்துப் பணத்தை இப்போதே கட்டிவிடட்டுமா, அப்போதாவது அழிக்காமல் வைத்திருப்பீர்களா என்று இராஜாங்கம் கேட்டார். மடியிலிருந்து நோட்டை எடுத்தும் காட்டினார். இணையாத பெட்டிக்குப் பணம் வாங்க விதி இல்லை என்றாள். பணத்தை வேண்டாம் என்று சொல்லும் கடையை அவர் வாழ்க்கையில் முதல்முறை பார்த்தார். 

சபிஹா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கண்ணாடி ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "எங்க வீட்டுலயும் இதே நெட்டுதாங்கய்யா. நான் இங்க வந்துதான் பாட்டு கேட்கறது." பிறகு நிமிர்ந்து, "வேறு ஏதாவது மகிழ்ச்சி வேண்டுமா?" என்று கேட்டாள். அது அவள் மேசையில் இருந்த அட்டையில் எழுதியிருந்தது.

முப்பத்தொன்றாம் நாள் ஒரு அழைப்பிதழ் வந்தது. தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பெருவிழா'. தலைமை, சரக மகிழ்ச்சி அதிகாரி நெடுமாறன். இராஜாங்கத்துக்கு விருது. அவர் எதற்கு என்று கேட்கவில்லை. அதிகாரியை நேரில் பார்க்கலாம் என்று வெள்ளை வேட்டியில் போனார்.

நெடுமாறன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நண்பர்களே, ஒரு நிறுவனத்தோட தரத்தை எதை வச்சு அளக்கிறது? வேகத்தை வச்சு அளக்கலாமா? வேகம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். தீர்த்த புகாரை வச்சு அளக்கணும். நாங்க ஆரம்பிச்ச வருஷம் வெறும் நானூறு புகார்தான். எங்களுக்கே வெட்கமா இருந்துச்சு. இந்த வருஷம் முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டிட்டோம். அத்தனையும் தீர்ந்தது. சில பேர் கேட்கிறாங்க, தீர்ந்தது ஏன் சார் மறுபடி வருதுன்னு. மறுபடி வந்தாத்தானேங்க மறுபடி தீர்க்க முடியும்?"

கைதட்டினார்கள். கம்பெனி ஆட்களே முதல் நாலு வரிசையில் இருந்தார்கள்.

"இதோ, குடவாசல் பக்கத்து ஐயா இராஜாங்கம். முப்பத்தொரு நாள்ல பதினேழு புகார். பதினேழும் ஒரே புகார். பதினேழும் தீர்ந்திருக்கு. ஒரு பிரச்சனையை ஒரு தடவை தீர்க்கிறவன் மெக்கானிக்குங்க. அதையே பதினேழு தடவை தீர்க்கிறதுக்குத்தான் ஒரு நிறுவனம் வேணும். அதுவும் ஐயா மாதிரி ஆள் கிடைக்க மாட்டாங்க. மத்தவங்க வேலை முடிஞ்சுதான் ஓடிபி கொடுப்பாங்க, சில பேர் கொடுக்கவே மாட்டாங்க. ஐயா, நம்ம ஆள் வண்டியை விட்டு இறங்கறதுக்குள்ள கொடுத்துடுவார். நம்பிக்கைன்னா அது நம்பிக்கை."

பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடியில் பச்சை விளக்கு வரைந்த ஒரு கேடயம் கொடுத்தார்கள். இராஜாங்கம் மைக்கின் முன் நின்று, "எல்லாம் சரிங்க. பெட்டி இன்னும் பாடலைங்க" என்றார்.

நெடுமாறன் அவர் தோளில் கை வைத்தார். "பாருங்க. விருது வாங்கற மேடையிலயும் அடுத்த புகாரைப் பத்தியே நினைக்கிறார். சபிஹா, ஐயா புகாரை இங்கேயே பதிஞ்சுடும்மா."

அதுதான் பதினெட்டாவது. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

வீட்டில் மங்களாம்பிகை பொன்னாடையைப் பிரித்து, சரிகையைத் தேய்த்துப் பார்த்து, எழுதிக் காட்டினாள்: 'இது பாடுமா?'

நாற்பதாம் நாள் அவளே தன் போனில் ஆப்பைத் திறந்து ஒரு புகார் எழுதினாள். இராஜாங்கம் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். 'என் குரல் உங்களிடம் இருக்கிறது. எனக்கு ஒரு தடவை கேட்க வேண்டும்' என்று எழுதியிருந்தாள். ஒரு மாதமாகப் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தவள். இராஜாங்கம் சத்தம் செய்யாமல் வாசலுக்குப் போய்விட்டார். உள்ளே போன் 'டிங்' என்றது. 'தங்கள் பாராட்டுக்கு நன்றி. புகார் எண் பத்தொன்பது. வரிசையில் உள்ளது.'

நாற்பத்தைந்தாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, யாரும் கூப்பிடாமல் ஃபஹத் வந்தான். முதுகில் கம்பெனிப் பை இல்லை.

"இன்னிக்கு எனக்கு லீவு ஐயா. உங்க வீட்டுல பதினேழு தடவை காசு வாங்கிட்டேன். மனசு கேட்கலை. ஒரே ஒரு கண்டிஷன். ஓடிபி எதுவும் சொல்லாதீங்க."

ரவுட்டரின் உள்பக்கத்தை இராஜாங்கத்தின் போனில் திறந்து பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயா, ஒரு வீட்டுக்கு இருபது இடம்தான். போன், டிவி, பெட்டின்னு எது நெட்டுக்கு வந்தாலும் ஆளுக்கு ஒரு இடம் வேணும். உங்க போன் ஒண்ணு, அம்மா போன் ஒண்ணு, டிவி ஒண்ணு. மூணு. மிச்சம் பதினேழும் ஆபீஸ் பிடிச்சு வச்சிருக்கு."

"ஆபீஸ் எங்க வீட்டுல எதுக்குப்பா வந்து உட்காருது?"

"நீங்க ஒவ்வொரு புகார் கொடுக்கும்போதும், சோதனை பண்ணன்னு ஆபீஸ் ஒரு இடம் எடுக்கும். நீங்க ஓடிபி கொடுக்கலைன்னா சோதனை தோல்வின்னு இடத்தைத் திருப்பிக் கொடுத்துடும். ஓடிபி கொடுத்தா சோதனை வெற்றி. வெற்றியை அழிக்கக் கூடாது, தணிக்கைக்குக் காட்டணும்னு அப்படியே வச்சுக்கும்."

"அப்ப முதல் நாளே ஏன் பாடலை?"

"முதல் நாள் ஆபீஸ்ல, இந்தப் பெட்டியை உள்ள விடலாம்னு ஒரு டிக் போட மறந்துட்டாங்க ஐயா. அந்த டிக்கை விழா அன்னிக்குத்தான் போட்டிருக்காங்க. அதுக்குள்ள இடம் நிறைஞ்சு போச்சு."

இராஜாங்கத்துக்கு இது ஒரு நொடியில் புரிந்தது. முறை வைத்துத் தண்ணீர் பாயும் ஊர்க்காரர். மேலே இருக்கிற பதினேழு பேர் மடையைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், கடைசி வயலுக்கு என்ன வரும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுந்து போய் டிவியைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

"நம்ம மடையை நாமே அடைப்போம் தம்பி. ஒரு இடம் காலியாச்சா?"

ஃபஹத் பார்த்தான். "ஆச்சு. போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"வரிசையில உங்களோட பதினெட்டாவது புகார் நின்னுக்கிட்டிருந்துச்சு. அது வந்து உட்கார்ந்துடுச்சு."

போன் 'டிங்' என்றது. ஓடிபி. இராஜாங்கத்தின் வாய் தானாகத் திறந்தது. மங்களாம்பிகை எட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாம இருந்தா அந்த இடம் திரும்ப வருமா?"

"வரும் ஐயா. நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும்."

மணி மூன்றே முக்கால். மங்களாம்பிகை தன் போனை அணைத்தாள். காலியான இடத்தில் அவளுடைய பத்தொன்பதாவது புகார் வந்து உட்கார்ந்தது. நாற்பத்தைந்து நாளாக அவர்கள் வரிசையில் முன்னால் நிற்பது யார் என்று தெரியாமல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நின்றது அவர்களேதான்.

இராஜாங்கம் தன் போனையும் வாங்கி அணைத்தார்.

ஆரஞ்சு விளக்கு ஒருமுறை அணைந்தது. பிறகு பச்சையாக எரிந்தது. தஞ்சாவூரில் அல்ல, இங்கே, அவர் வீட்டில். திரையில் 'இணைந்தது' என்று வந்தது. அதற்குக் கீழே வேறு எதுவும் வரவில்லை. மணி நாலு பத்து. ஃபஹத் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இராஜாங்கம் நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டு, மங்களாம்பிகையை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டி பேசியது. ரயில் நிலைய அறிவிப்புக்காரியின் குரல்.

"வணக்கம். குரல் களஞ்சியம் திறக்கப்படுகிறது. பாதுகாப்பு கருதி, குரலுக்கு உரியவர் 'ஆம்' என்று சொல்லவும்."

இராஜாங்கம் மங்களாம்பிகையைப் பார்த்தார்.

"குரலுக்கு உரியவர் 'ஆம்' என்று சொல்லவும்."

"ஆம்" என்றார் இராஜாங்கம்.

"குரல் பொருந்தவில்லை. இன்னும் இரண்டு வாய்ப்புகள் உள்ளன."

ஃபஹத் தன் போனோடு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினான். பின்னாலேயே இராஜாங்கமும் ஏணியில் ஏறினார். வடக்கே பார்த்து நின்று, ஒரு கோடு விழுந்து, சபிஹா கிடைக்க இருபது நிமிடம் ஆயிற்று. ஃபஹத் விஷயத்தைச் சொன்னான். அவள் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"வழி இருக்குங்கய்யா" என்றாள். "பேச முடியாதவங்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கு. உடனே செஞ்சுடலாம்."

"செய்யும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"குரலுக்கு உரியவங்களே லைன்ல வந்து, தங்களால பேச முடியாதுன்னு சொல்லணும்."

தொட்டிக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

"அவளால பேச முடியாதும்மா."

"தெரியுதுங்கய்யா." அவள் மறுபடி விசைப்பலகையைத் தட்டினாள். "அதை அவங்க சொல்லணும். கால் ரெக்கார்ட் ஆகும். நான் சொன்னா ஆகாதுங்கய்யா. சார்கிட்ட கேட்டுப் பார்க்கறேன்." மறுபடி வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. "சார் மீட்டிங்ல இருக்காரு. அஞ்சு மணிக்குத்தான் வெளிய வருவாராம். மன்னிச்சிருங்க ஐயா." அவள் அட்டையில் இருந்த கடைசி வரியைப் படிக்கவில்லை. லைன் அறுந்தது.

கீழே வந்தார்கள். மணி நாலே முக்கால். ஃபஹத் யோசித்து, கம்பெனி ஆப்பில் மங்களாம்பிகை பேசிய பழைய அழைப்பு ஏதாவது இருக்குமா என்று கேட்டான். இந்த இணைப்பு வந்தது அவள் குரல் போன பிறகு. உறவுக்காரர் யாராவது ஒரே மாதிரி குரல் இருப்பவர்கள்? அவளுடைய தங்கை பூம்புகாரில் இருந்தாள்; இரண்டரை மணி நேரப் பயணம். அப்படியும் ஃபஹத் வெளித்திண்ணை பக்கம் போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டு "ஆம்" சொல்லச் சொன்னான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

"குரல் பொருந்தவில்லை. கடைசி வாய்ப்பு."

மங்களாம்பிகை நாற்காலியைச் சுற்றி வந்து பெட்டிக்கு முன்னால் குனிந்தாள். வாயைத் திறந்தாள். உதடுகள் சேர்ந்து மூடின. கழுத்தில் இருந்த வெள்ளைத் துணி ஒருமுறை உள்ளே இழுபட்டு வெளியே வந்தது.

"சத்தம் போதவில்லை. சற்று அருகில் வரவும்."

அருகில் போனாள். நெற்றி பெட்டியில் பட்டது. மறுபடியும் வாயைத் திறந்து மூடினாள். இராஜாங்கம் அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அந்தச் சொல் தெளிவாகக் கேட்டது. பெட்டிக்குக் கேட்கவில்லை.

"நேரம் முடிந்தது. தங்கள் பொறுமைக்கு நன்றி."

ஐந்து மணிக்குத் திரை ஒருமுறை கண்ணடித்தது. 'உரிமை கோரப்படாத ஒலி நீக்கப்பட்டது. நான்கு கோடிப் பாடல்கள் தங்களுக்காகக் காத்திருக்கின்றன' என்று எழுத்து ஓடியது. யாரும் கேட்காமலேயே அதில் முதல் பாட்டு பாட ஆரம்பித்தது. துல்லியமாக இருந்தது. ஃபஹத் அதை அணைக்கப் பொத்தானைத் தேடினான். கிடைக்காமல் ஒயரைப் பிடுங்கினான். வைஃபையில் பாடியது. கடைசியில் கரண்டையே பிடுங்கினான். போய்வருகிறேன் என்று சொல்லாமல் வண்டியை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய், தெருமுனையில்தான் உதைத்துக் கிளப்பினான்.

மூன்றாம் நாள் இராஜாங்கம் போனைப் போட்டதும் கம்பெனியின் கணக்கு வந்து சேர்ந்தது. பெட்டி இணைந்துவிட்டபடியால் மிச்சமிருந்த இரண்டு புகார்களும் தாமாகத் தீர்ந்தன. பதிவானவை பத்தொன்பது, தீர்ந்தவை பத்தொன்பது, நிலுவை ஏதும் இல்லை. இராஜாங்கம் அதை ஒருமுறை உரக்கப் படித்தார்.

மங்களாம்பிகை அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக எழுதினாள்.

நாள் 45.
தஞ்சாவூருக்கு நடை 2.
சொன்ன ஓடிபி 17.
பொன்னாடை 1.
கேட்ட பாட்டு 0.

அடியில் ஒரு கோடு இழுத்து, 'அவர்கள் தர வேண்டியது' என்று எழுதி, எதிரே எதையும் போடாமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டுத் தாளை அவரிடம் கொடுத்தாள்.